மற்றவர் பங்கையும் எழுதியவள்

இங்கே சிங்கப்பூரில், பல்கலைக்கழக உணவகத்தில் சாப்பிட்டு முடித்ததும் அவரவர் தட்டை அவரவரே கொண்டுபோய் வைக்க வேண்டும். இதில் என்ன அதிசயம் என்று ஊரில் இருப்பவர்கள் கேட்கலாம். வந்த புதிதில் நானும் அப்படித்தான் நினைத்தேன். அன்று என்னோடு சாப்பிட்ட வகுப்புத் தோழி ஃபர்ஹானா கைப்பேசியில் எதையோ படித்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கும்போது பக்கத்தில் இருப்பவர் தட்டையும் சேர்த்து எடுப்பதுதானே நமக்குப் பழக்கம்? அவள் தட்டின் மேல் என் தட்டை அடுக்கி, கண்ணில் பட்ட முதல் அலமாரியில் வைத்துவிட்டேன். மேசை துடைத்துக்கொண்டிருந்த சீன அம்மா ஒருவர் "ராங், ராங்!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தார். அங்கே இரண்டு அலமாரிகள் உண்டு. ஒன்று ஹலால் கடைத் தட்டுகளுக்கு, மற்றது மீதிக் கடைகளுக்கு. ஃபர்ஹானா மலாய்ப் பெண். அவள் சாப்பிட்டது நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு. நான் சாப்பிட்டது சீனக் கடைச் சோறு, மேலே பன்றி இறைச்சி. இரண்டையும் ஒன்றாக அடுக்கி, போகக் கூடாத இடத்தில் வைத்திருந்தேன். அவள் கோபப்படவில்லை. "இட்ஸ் ஓகே. நெக்ஸ்ட் டைம் மைன் ஐ டேக், ஆ," என்றாள். நானும் சிரித்து மழுப்பினேன். உதவி செய்ய வந்தவளிடம் ஒரு தட்டுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று உள்ளுக்குள் நொடித்துக்கொண்டேன்.

நான் நாமக்கல்காரி. அப்பா லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். படித்தது எங்கள் பக்கத்து விடுதிப் பள்ளி ஒன்றில். கோழிப்பண்ணை ஊர் என்பதால் எங்களைப் போன்றவர்களை பிராய்லர் பிள்ளைகள் என்று கேலி செய்வார்கள். கேலியில் உண்மை இல்லாமல் இல்லை. பதினொன்றாம் வகுப்பிலேயே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை ஆரம்பித்துவிடுவார்கள். புத்தகத்தில் கமா இருக்கும் இடத்தில் நமக்கும் கமா இருக்க வேண்டும். சொந்தமாக ஒரு வரி எழுதினால் மார்க் குறையும், புத்தக வரியை எழுதினால் முழு மார்க். எனக்கு அது கைவந்த கலையாக இருந்தது. பரீட்சை முடிவு வந்ததும் பேருந்து நிலையத்தில் என் முகத்தை பிளெக்ஸ் அடித்து வைத்தார்கள். அம்மா அந்த வாரம் முழுக்க, வேலை இருந்ததோ இல்லையோ, பேருந்து நிலையம் வழியாகவே சந்தைக்குப் போனாள். அந்த முகத்தை நான் நெடுநாள் கழற்றவே இல்லை என்பது இப்போதுதான் புரிகிறது.

பொறியியல் கல்லூரியில் கடைசி வருட புராஜெக்ட் என்று ஒன்று வரும். எங்கள் பக்கத்தில் படித்த எல்லோருக்கும் அந்தச் சடங்கு தெரியும். நான்கு பேர் சேர்ந்து செய்ய வேண்டியது. நான்கு பேரில் ஒருவர் செய்வார், மற்ற மூவர் பெயர் போடுவார்கள். செய்பவர் யார் என்று யாரும் பேசி முடிவெடுப்பதில்லை. நன்றாகப் படிக்கிற பிள்ளை தலையில் அது தானாக வந்து விழும். நான் சந்தோஷமாகச் சுமந்தேன். அறிக்கை முழுவதையும் எழுதினேன். வாய்மொழித் தேர்வில் என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று மூன்று பேருக்கும் தனித்தனியாக எழுதிக் கொடுத்தேன். அவர்கள் எனக்கு பிரியாணி வாங்கிக் கொடுத்து, "நீ தெய்வம்டி" என்று தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். நல்ல மாணவி என்றால் இப்படித்தான், மற்றவர்களையும் சேர்த்துக் கரையேற்றுகிறவள் என்று மனதார நம்பினேன். அந்த மூன்று பேருக்கும் ஏதாவது சொல்வதற்கு இருந்திருக்குமா என்ற கேள்வி ஒரு தடவைகூட எனக்குள் எழவில்லை.

அந்த நம்பிக்கையைப் பெட்டியில் மடித்து வைத்துக்கொண்டுதான் உதவித்தொகையோடு இங்கே முதுகலை படிக்க வந்தேன். பாடம், நகரத்து மழைநீரை எப்படி வடிய வைப்பது என்பது. இந்தப் பருவத்தில் ஒரு குழுப்பணி. குழுவில் நான், ஃபர்ஹானா, ஷாமினி. ஷாமினி சிங்கப்பூர்த் தமிழ்ப் பெண். அவளுடைய கொள்ளுத்தாத்தா தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அவள் இப்போது அதே பகுதியில் ஓர் அலுவலகத்தில் பகுதி நேரமாக வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறாள். ஃபர்ஹானாவின் வீடு வடக்கே மார்சிலிங்கில். அவள் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்கிலிருந்து பேருந்து நிறுத்தத்துக்குப் போகும் நடைபாதையில் பெருமழைக்குக் கொஞ்ச நேரம் தண்ணீர் தேங்கும். அதையே ஆய்வுக்கு எடுத்துக்கொண்டோம். வடிகால் கணக்கு ஷாமினிக்கு. அங்கே குடியிருப்பவர்களிடம் பேசி எழுதுவது ஃபர்ஹானாவுக்கு. முன்னுரையும் முடிவுரையும் எனக்கு. மூவரும் எழுதி முடித்ததும் ஒன்றாகக் கோத்துச் சமர்ப்பிக்கும் பொறுப்பையும் நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அவர்கள் எழுதி அனுப்பியதைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஷாமினியின் கணக்கு சரிதான், ஆனால் வரைபடம் கையால் போட்டது. ஃபர்ஹானா எழுதியதோ ஆங்கிலமே இல்லை என்று பட்டது. ஒவ்வொருவரும் பேசியதைப் பேசியபடியே எழுதி வைத்திருந்தாள். ஒரு பெரியவர் சொல்கிறார்: "ரெயின் கம், ஐ டேக் அவுட் ஸ்லிப்பர், ஹோல்ட் இன் மை ஹேண்ட். ஸ்லிப்பர் எக்ஸ்பென்சிவ், லெக் ஃப்ரீ லா." முதுகலை வகுப்பு அறிக்கையில், இந்த ஊர்ப் பேச்சின் 'லா'வோடு, இப்படி ஒரு வாக்கியமா? பாவம், நேரம் கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று இரக்கப்பட்டேன். அப்புறம் என்ன, சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். வரைபடத்தைக் கணினியில் புதிதாகப் போட்டேன். செருப்பைக் கையில் பிடித்த பெரியவரை, மேற்கோள் குறியையும் கீழே இருந்த பெயரையும் மட்டும் விட்டுவைத்து, "மழைக்காலங்களில் குடியிருப்பாளர்களாகிய நாங்கள் மிதமான அசௌகரியத்துக்கு உள்ளாகிறோம்" என்று ஆங்கிலத்தில் பேச வைத்தேன். எல்லோரையும் அப்படியே பேச வைத்தேன். மூன்று பெயர்களையும் அழகாக மேலே போட்டுச் சமர்ப்பித்துவிட்டு, அவர்கள் நன்றி சொல்லும்போது என்ன பதில் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அறிக்கையை வகுப்பில் விளக்கும் நாள் வந்தது. படக்காட்சியும் நான் தயாரித்ததுதான். ஷாமினி தன் பங்கு வந்ததும் புதிய வரைபடத்தைப் பார்த்து ஒரு கணம் தடுமாறினாள், சமாளித்துக்கொண்டாள். ஃபர்ஹானா திரையில் இருந்ததை வாசிக்கத் தொடங்கினாள். இரண்டாவது வாக்கியத்தில் நின்றாள். திரும்பவும் மனதுக்குள் படித்தாள். "ஸாரி," என்றாள் விரிவுரையாளரைப் பார்த்து. "மை ஃபாதர் டிட்ன்ட் ஸே திஸ்."

அந்தப் பெரியவர் அவளுடைய அப்பா என்பது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றி நான் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். விரிவுரையாளர் அமைதியான சீனப் பெண்மணி, குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை. "அப்படியானால் இதைச் சொன்னது யார்?" என்று கேட்டார். வகுப்பு முழுக்கத் திரையைப் பார்த்தது. நான் எழுந்து நின்று, "நான்தான்" என்றேன். மானம் கப்பலேறியது என்பார்கள். என்னுடையது விமானமே ஏறி, எனக்கு முன்னால் ஊர் போய்ச் சேர்ந்துவிடும் போலிருந்தது. ஃபர்ஹானா என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் திரையிலிருந்து தன் அப்பாவின் பெயரை மட்டும் எடுத்துவிட முடியுமா என்று கேட்டாள்.

வகுப்பு முடிந்ததும் விரிவுரையாளர் என்னை மட்டும் இருக்கச் சொன்னார். "உன் பள்ளியில் நீதான் முதல் மாணவியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "ஐ கேன் ஸீ தட்," என்றார். "தேங்க் யூ, மேடம்," என்றேன். அது பாராட்டு இல்லை என்பது மின்தூக்கியில் இறங்கும்போதுதான் உறைத்தது. அப்படியே தரைக்குள் போய்விடலாம் போலிருந்தது. அதற்கு முன் அவர் சொல்ல வேண்டியதைச் சொல்லியிருந்தார். ஒருவர் சொல்லாததைச் சொன்னதாக எழுதுவது இங்கே மொழித்திருத்தம் ஆகாது, இட்டுக்கட்டிய ஆதாரம் ஆகும். துறைக்குத் தெரிவிக்க அவருக்கு உரிமை உண்டு. தெரிவித்தால் என் உதவித்தொகை நிற்கும், படிப்பும் நிற்கும். ஆனால் மற்ற இருவரும் என்னோடு வேலை செய்யச் சம்மதித்தால், மூவரும் சேர்ந்து அறிக்கையைத் திரும்ப எழுதித் தரலாம். அவர்கள் சம்மதிக்காவிட்டால் அவரால் எதுவும் செய்ய முடியாது. முடிவு அவர்கள் கையில்.

வெளியே ஷாமினி நின்றிருந்தாள். தமிழ்ப் பெண்ணாயிற்றே, நான் நல்ல எண்ணத்தோடு செய்தேன் என்று அவளுக்காவது புரியும் என நினைத்தேன். "உங்க ரெண்டு பேருக்கும் நல்ல மார்க் வரணும்னுதான் செஞ்சேன்," என்றேன். அவள் முகம் சிவந்தது.

"நாங்க உன்கிட்ட மார்க் கேட்டோமா? எங்க பார்ட் அவ்ளோ மோசம்னா சொல்லிருக்கலாம்லா. மெசேஜ் பண்ண ரெண்டு செகண்ட் ஆகுமா? நீ எங்களை ஸ்டூபிட்னு நினைச்சிட்ட. நினைச்சிட்டு, ஹெல்ப் பண்ணேன்னு வேற சொல்ற."

மறுத்துப் பேச வாயைத் திறந்தேன். அவள் சொன்னதில் பிழை ஒன்றுமில்லை. கரையேற்றுகிறேன் என்று நான் கிளம்பியபோதே அவர்கள் இருவரும் நீச்சல் தெரியாதவர்கள் என்று எனக்குள் முடிவாகிவிட்டிருந்தது.

நான் தங்கியிருப்பது லிட்டில் இந்தியாவில், மளிகைக் கடைக்கு மேலே ஓர் அறையில். அந்த ஞாயிற்றுக்கிழமை காய்கறி வாங்கக் கீழே இறங்கினேன். ஞாயிறு என்றால் சிராங்கூன் சாலை முழுக்கக் கட்டுமானத் தொழிலாளர்கள். நம் ஊர்ப் பேச்சு காதில் விழுந்துகொண்டே இருக்கும். மற்ற வாரங்களில் அது எனக்கு ஆறுதல். அன்று யார் கண்ணிலும் படாமல் அறைக்குத் திரும்பினால் போதும் என்றிருந்தது. முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது ஒருவர் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தார்.

"ஏனுங் அம்மணி, இது நீங்கதானுங்களே?"

அவர் நீட்டிய கைப்பேசியில் நாமக்கல் பேருந்து நிலையம் இருந்தது. நடுவில் நான். பழைய படத்தின் பின்னால் சிங்கப்பூரின் உயரமான கட்டடங்களை ஒட்டியிருந்தார்கள். 'சிங்கப்பூரிலும் முதலிடம்!' என்று ஆள் உயர எழுத்து. பள்ளி ஆண்டு விழாவுக்குப் புதிதாக வைத்ததாம். நான் முதலிடம் என்று யார் இவர்களுக்குச் சொன்னது? யாரும் சொல்லியிருக்க வேண்டியதில்லை, அங்கே முதலிடத்தில் இருந்தவள் இங்கேயும் அப்படித்தான் இருப்பாள் என்று நம்பியிருக்கிறார்கள்.

அவர் திருச்செங்கோட்டுப் பக்கம். மகளை அதே பள்ளியில் சேர்த்திருக்கிறார். "உங்களைப் பார்த்துத்தானுங்க சேத்துனேன்," என்றார். ஆண்டு விழாவுக்கு முன்னால் விடுதியிலிருந்து அவள் வீட்டுக்கு வந்திருந்தாள். நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் வீடியோவில் கூப்பிட்டுவிட்டார். எண்ணெய் வழிய வாரிய இரட்டைச் சடை, கையில் பேனா. "அக்கா, அங்க காலேஜ்ல ஃபர்ஸ்ட் வரணும்னா எப்படிப் படிக்கணும்?" என்று கேட்டாள். அவள் அப்பா பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு என் வாயையே பார்த்தார். "நல்லாப் படிம்மா," என்றேன். அந்தப் பிள்ளை அதையும் எழுதிக்கொண்டது. அதைப் பார்த்தபோது வகுப்பில் வராத அழுகை காய்கறிக் கடையில் வந்தது. வெங்காயக் கூடைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அறைக்கு வந்ததும் பள்ளித் தாளாளருக்குத் தொலைபேசினேன். "சார், அந்த பிளெக்ஸை எடுத்துடுங்க. நான் இங்க முதலிடம் இல்லீங்க. ஒரு பாடத்துல நிலைமை ரொம்ப மோசமா இருக்குங்க, சார்," என்றேன். அவர் கடகடவென்று சிரித்தார். "பாத்தியா, பாத்தியா! இந்தத் தன்னடக்கம்தான் கண்ணு உன்னைய அங்க கொண்டுபோயி நிறுத்தியிருக்குது. இதையே நாளைக்கு அசெம்பிளில சொல்றேன் இரு." நான் மறுக்க மறுக்க அவர் பார்வையில் உயர்ந்துகொண்டே போனேன். என் தோல்வியைக்கூட அங்கே யாரும் வாங்கிக்கொள்ளத் தயாராக இல்லை. கடைசியில் நன்றி சொல்லிவிட்டுத்தான் வைக்க வேண்டியிருந்தது.

அடுத்த நாள் உணவகத்தில் ஃபர்ஹானா தனியாக உட்கார்ந்திருந்தாள். எதிரே உட்கார அனுமதி கேட்டேன். இரவெல்லாம் யோசித்து வைத்திருந்த ஆங்கில வாக்கியங்கள் ஒன்றுகூட வரவில்லை. "உன் அப்பா சொன்னதை நான் எடுத்துட்டேன். எடுக்கறதுக்கு எனக்கு உரிமை இல்லை. மன்னிச்சிடு," என்பதை எப்படியோ திக்கித் திணறிச் சொல்லி முடித்தேன். அவள் சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தாள். "அப்பாவிடம் படித்துக் காட்டினேன்," என்றாள். "அந்த வாக்கியத்தையா?" "ஆமாம். 'நான் இவ்வளவு நன்றாகப் பேசுவேனா?' என்று கேட்டார். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை." பிறகு, "சனிக்கிழமை மழை வரும்போல. மார்சிலிங்குக்கு வா. ஆனால் நீ எழுத வேண்டாம். குடை பிடி, போதும்," என்றாள். தன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். என் கை தன்னிச்சையாக நீண்டது. மடக்கிக்கொண்டேன்.

சனிக்கிழமை மழை வந்தது. ஷாமினியும் வந்திருந்தாள், என்னோடு பேசவில்லை. அவள் நடைபாதையில் குனிந்து தண்ணீரின் ஆழத்தை அளந்தாள். ஃபர்ஹானா கைப்பேசியில் ஆட்கள் பேசுவதைப் பதிவு செய்தாள். நான் அவளுக்குக் குடை பிடித்தேன். நாமக்கல்லின் முதல் மாணவிக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக மிகச் சுலபமான வேலை. ஆனால் நாக்கை அடக்கிக்கொண்டு நிற்பது அத்தனை சுலபமாக இல்லை. ஒருவர் பேசும்போது எனக்குள் ஒரு சிவப்புப் பேனா தானாகத் திறந்துகொண்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இலக்கணப்படி என் ஆங்கிலம்தான் சரி என்று அப்போதும் ஒரு மூலையில் தோன்றிக்கொண்டேதான் இருந்தது.

அப்போது பேருந்து நிறுத்தத்திலிருந்து ஒரு தமிழ் அம்மா காற்சட்டையை முழங்கால்வரை மடித்துக்கொண்டு வந்தார். சாங்கி விமான நிலையத்தில் கார்கோ பிரிவில் வேலை, காலை ஷிஃப்ட் முடிந்து திரும்புகிறார். ஃபர்ஹானா என்னைப் பார்த்தாள். "நீ கேள். கேட்க மட்டும் செய்," என்றாள். கைப்பேசியை எங்கள் இருவருக்கும் நடுவில் நீட்டினாள்.

"ஆண்ட்டி, மழை பெஞ்சா இந்த வழியில போறது எப்படி இருக்கும்?" என்று கேட்டேன்.

"கொஞ்ச நேரந்தாம்மா நிக்கும், அப்புறம் போயிரும். பெரிய ப்ராப்ளம்லாம் இல்ல. ஆனா யூனிஃபார்ம் நனைஞ்சிரும்லா. இப்படி மடிச்சிட்டு பஸ் ஏறுனா எல்லாரும் என் காலையே பாப்பாங்க. ஷை ஆயிரும் எனக்கு. வேலைக்குப் போய் நிக்கிற வரைக்கும் அதே நெனப்பு."

மிதமான அசௌகரியம். வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கினேன். எல்லோரும் தன்னையே பார்க்கிறார்கள் என்ற நினைப்போடு போய் நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்கு இப்போது நன்றாகவே தெரியும். அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ ஊர்ப் புள்ளயா? அங்கேர்ந்து வர்ற பிள்ளைங்கள்லாம் கெட்டிக்காரங்களாச்சே. ஸ்கூல்ல எப்படி, டாப்பா?"

இங்கே பல்கலைக்கழகத்தையும் ஸ்கூல் என்றுதான் சொல்வார்கள். என் கைப்பையில் இருந்த கைப்பேசியில் அந்த பிளெக்ஸ் படம் இருந்தது. திருச்செங்கோட்டுக்காரர் அனுப்பி வைத்திருந்தார். ஷாமினி அளப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். அவளுக்குத் தமிழ் தெரியும், நான் என்ன சொல்லப்போகிறேன் என்று காத்திருந்தாள்.

"இல்ல ஆண்ட்டி," என்றேன். "சுமார்தான்."

"பரவால்லலா," என்று சொல்லிவிட்டு அவர் தண்ணீரில் இறங்கி நடந்தார். "என்ன, இவள் என்ன சொன்னாள்?" என்று ஃபர்ஹானா ஷாமினியிடம் கேட்டாள். ஷாமினி ஆங்கிலத்தில் சொன்னாள், கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. ஃபர்ஹானா என் கையிலிருந்த குடையை என் பக்கம் கொஞ்சம் நகர்த்தினாள்.

பதிவில் தமிழில் இருந்த பகுதியைக் கேட்டு எழுதும் வேலையை அவர்கள் எனக்கே கொடுத்தார்கள். ஒரே ஒரு நிபந்தனை, பேசியது பேசியபடி வர வேண்டும். 'ஷை ஆயிரும்' என்று தட்டச்சு செய்தேன். 'லா' இருந்த இடத்திலெல்லாம் 'லா' போட்டேன். பதிவு அதோடு நிற்கவில்லை. அந்த அம்மாவின் கேள்வியும் அதில் இருந்தது, என் பதிலும் இருந்தது. அதை மட்டும் விட்டுவிடலாமா என்று விரல் தயங்கியது. விடவில்லை, பேசியவர் என்று என் பெயரையும் போட்டேன். இப்போது என் பெயர் இரண்டு இடங்களில் இருக்கிறது. நாமக்கல் பேருந்து நிலையத்தில் ஆள் உயர எழுத்தில் 'சிங்கப்பூரிலும் முதலிடம்' என்பதற்குக் கீழே. இங்கே எங்கள் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில், 'சுமார்தான்' என்பதற்கு முன்னால்.